கண்ணாடி வீடு போட்டால் குளிருமா?

கேள்வி: மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் போனபோது ‘கார்டன்ஸ் பை த பே’ கண்ணாடி மாளிகைகளைச் சுற்றிப் பார்த்தோம். உள்ளே ஊட்டிக் குளிர். பெரணியும் ஆர்க்கிட்டும் அத்தனை செழிப்பு. எங்கள் மொட்டை மாடியில் சின்னதாக ஒரு கண்ணாடி அறை போட்டால் அப்படி வளருமா ஐயா?
– வாசகி, அவிநாசி

பதில்: வளராதுங்க அம்மிணி, வெந்துபோகும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூடான காற்றை வெளியே விடாது. குளிர்நாட்டுக்காரர்களுக்கு அதுதான் தேவை. லண்டன் கியூ தோட்டத்தில் 1848-ல் கட்டி முடித்த கண்ணாடிப் பனை மாளிகைக்குள் இன்றைக்கும் சூடேற்றித்தான் செடிகளைக் காப்பாற்றுகிறார்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, உங்கள் மாடி அறையும் அப்படித்தான் இருக்கும்.

சிங்கப்பூர்க் குளிர் மிஷின் கொடுத்தது. தரைக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த தண்ணீரை ஓட்டுகிறார்கள். ஆள் நடமாடும் உயரத்துக்குத்தான் குளிர்ச்சி. கூரைப்பக்கம் சேரும் சூட்டை வெளியேற்றிவிடுவார்கள். உள்ளே வரும் காற்றின் ஈரத்தை முதலில் உறிஞ்சிவிட்டுத்தான் குளிர வைப்பது. வெயில் ஏறினால் கூரைமேல் திரை விரியும். தோட்டக் கழிவை எரித்து இதற்கு மின்சாரமும் எடுக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் நம்ம ஈ.பி. பில் தாங்காதுங்க.

நம்ம பக்கம் வேறொரு சௌகரியம் இருக்கிறது. மாசி, பங்குனியில் காற்று காய்ந்து கிடப்பதால், தண்ணீர் ஆவியாகும்போது நன்றாகவே குளிரும். பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரத்தில் ஒரு சுவரில் நனைந்த அட்டை, எதிர்ச்சுவரில் ஃபேன் வைப்பது இதை நம்பித்தான். மாடிக்கு அதுகூட வேண்டாம். நிழல்வலை போடுங்க: பெரணிக்கு வெயிலில் 75 சதவீதத்தை மறைக்கும் வலை, டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டுக்கு 50 போதும். தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைத்து, ஜல்லி பரப்பித் தண்ணீர் ஊற்றுங்க. தொட்டி ஜல்லிமேல் நிற்கட்டும், தண்ணீரில் நிற்கக் கூடாது. ஊட்டியில் ஆசைப்பட்டு வாங்கும் மலைப் பெரணி மட்டும் வேண்டாம், பங்குனி தாண்டாது. வலையைக் கயிற்றில் கட்டாதீங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். இரும்புக் குழாய்ச் சட்டம் அடித்து இறுக்கிக் கட்டணும்.

கேள்வி: தொட்டியில் வளர்க்கும் கள்ளிக்கும் நிழல்வலை வேண்டுமா?
– வாசகர், காங்கேயம்

பதில்: உங்க ஊர் வெயிலிலா கேட்கிறீங்க! அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி நம்ம வேலியோரம் கேட்பாரில்லாமல் நிற்கிறதே. நர்சரி நிழலில் இருந்து வந்த செடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கினால் போதும். ஐப்பசி அடைமழையில்தான் வேர் அழுகும். அதைத் தடுக்க, மேலே மட்டும் வெளிச்சம் புகும் ஷீட் போட்டு, நாலு பக்கமும் திறந்து விடுங்க.