வாசகர் கேள்வி-பதில்: உப்புத் தண்ணீருக்கு எந்த ஐசிபி-எம்எஸ்?

கேள்வி: மணலியில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறோம். மாதம் 300 மாதிரி வரும். பாதி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். மீதி ஆலைக் கழிவுநீரும் எண்ணூர் கழிமுகத் தண்ணீரும். இதுவரை கிராஃபைட் ஃபர்னஸ் ஏஏஎஸ் (உலோகத்தைச் சூட்டில் ஆவியாக்கி, அது உறிஞ்சும் ஒளியை அளக்கும் கருவி) வைத்துச் சமாளித்தோம். ஒரு நேரத்தில் ஒரு உலோகம்தான் பார்க்க முடிகிறது, கட்டுப்படியாகவில்லை. ஐசிபி-எம்எஸ் (பல உலோகங்களை அயனிகளாக்கி, எடை வாரியாகப் பிரித்து ஒரே ஓட்டத்தில் அளக்கும் கருவி) வாங்க மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம். மூவருமே டிரில்லியனில் ஒரு பங்குக்கும் கீழே பிடிக்கும் என்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது? டிரிபிள் குவாட் (நடுச் செல்லுக்கு முன்னும் பின்னும் எடை வடிகட்டி உள்ள வகை) கட்டாயம் வேண்டுமா?

பதில்: அந்த டிரில்லியன் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். சுத்தமான அறையில், சுத்தமான நைட்ரிக் அமிலக் கரைசலில் எடுத்த அளவு அது. உங்களுக்குத் தேவையான அளவு வேறு. குடிநீருக்கான ஐஎஸ் 10500:2012 தரத்தில் ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், காட்மியம் 3, பாதரசம் 1. கிணற்றுத் தண்ணீரில் இந்த அளவை ஒழுங்காக வேலை செய்யும் எந்தக் குவாட்ரபோல் (ஒற்றை எடை வடிகட்டி உள்ள) கருவியும் பிடித்துவிடும். மூன்று கருவிகளுக்கும் வித்தியாசம் தெரியப்போவது உப்பில்தான்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கடல் ஏறும் நேரத்தில் கழிமுகத்தில் மொண்டால் ஏறத்தாழ அதே உப்புதான் உங்கள் பாட்டிலிலும் இருக்கும். சாதாரண அமைப்பில் ஐசிபி-எம்எஸ் நாள் முழுக்கத் தாங்குவது லிட்டருக்கு 2 கிராம் வரைதான். ஆகவே 20 மடங்கு நீர்க்க வேண்டும். அப்படி நீர்த்தால் 3 மைக்ரோகிராம் காட்மியம் கருவிக்குள் 0.15 ஆகப் போகும். அந்த இடத்தில் உங்கள் பிளாங்க் (மாதிரி சேர்க்காத வெறும் அமிலக் கரைசல்) எவ்வளவு சுத்தம் என்பதே முடிவைத் தீர்மானிக்கும். இதைத் தவிர்க்க, மாதிரியைத் தெளிக்கும் நெபுலைசரிலிருந்து வரும் பனித்துளியை ஆர்கான் வாயுவாலேயே நீர்க்கும் வசதி பல கருவிகளில் உண்டு. பிப்பெட் பிடிக்கும் வேலை குறையும், வெளி அழுக்கு சேர வழியும் குறையும். கொட்டேஷனில் அது தனி விலையா, உள்ளடக்கமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

உப்பு அதிகமானால் என்ன ஆகும் என்பதை டெமோ நாளில் கண்ணாலேயே பார்க்கலாம். மாதிரியை அயனியாக்குவது பிளாஸ்மா என்கிற சூடான ஆர்கான் சுடர்; அங்கிருந்து அயனிகள் கருவிக்குள் நுழையும் கூம்புதான் சாம்ப்ளர் கோன். அதன் நடுத் துளை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். சில மணி நேரம் கழிமுகத் தண்ணீர் ஓட்டிவிட்டுக் கோனைக் கழற்றச் சொல்லுங்கள். துளையைச் சுற்றி வெள்ளையாக வளையம் கட்டியிருக்கும். அந்த வளையம் தடிக்கத் தடிக்க உள்ளே போகும் அயனி குறையும். எல்லா மாதிரியிலும் ஒரே அளவில் சேர்க்கிற ரோடியம், இண்டியம், பிஸ்மத் ஆகியவற்றின் சிக்னல் 100-லிருந்து 90, 80 என்று இறங்குவதைத் திரையிலேயே காணலாம். 70-க்குக் கீழே போனால் அந்த வரிசையை நம்பாதீர்கள்.

அடுத்தது போலிச் சிக்னல். கருவி எடையைத்தான் எண்ணுகிறது. ஆர்கானும் குளோரினும் சேர்ந்தால் எடை 75, ஆர்சனிக்கும் 75. குளோரினும் ஆக்சிஜனும் சேர்ந்தால் 51, வனேடியமும் 51. சோடியமும் ஆர்கானும் சேர்ந்தால் 63, தாமிரமும் 63. கழிமுகத் தண்ணீரில் சோடியத்துக்கும் குளோரைடுக்கும் பஞ்சமில்லை என்பதால், கவனிக்காவிட்டால் இல்லாத ஆர்சனிக்கை இருப்பதாக எழுதிவிடுவோம். நடுவில் ஹீலியம் செல் (ஹீலியம் வாயு நிரப்பிய அறை) இருந்தால், பருத்த கூட்டு அயனிகள் ஹீலியத்தோடு அதிகம் மோதி வேகம் இழந்து தடுப்பைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். உங்கள் வேலைக்கு ஹீலியம் செல் கட்டாயம்.

மணலிக்காரர்கள் தனியாகப் பார்க்க வேண்டியது மாலிப்டினம். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கந்தகம் நீக்கும் வினையூக்கிகளில் அது இருக்கும். கடல் நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம் உண்டு. மாலிப்டினம் ஆக்சிஜனோடு சேர்ந்து 111, 114 ஆகிய எடைகளில் காட்மியமாகத் தோன்றும். ஹீலியம் இதைக் குறைக்கும், முழுதாக அழிக்காது. கண்டுபிடிக்க எளிய வழி: காட்மியத்தை 111, 114 இரண்டிலும் அளக்கச் சொல்லுங்கள். உண்மையான காட்மியம் என்றால் இரண்டிலும் ஒரே விடை. மாலிப்டினத்தின் வேலை என்றால் 111 தரும் விடை 114 தருவதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வரும்.

டிரிபிள் குவாட் சிறந்த கருவி. அரு மண் தனிமங்கள் செறிந்த மணவாளக்குறிச்சி மோனசைட் மணல் போன்ற மாதிரியில் அதன் அருமை தெரியும். அங்கே எடை 150 உள்ள நியோடிமியமும் சமாரியமும் இரட்டை மின்னேற்றம் பெற்றால் கருவிக்குப் பாதி எடையாகத் தெரியும்; 75-இல் வந்து ஆர்சனிக்காக நிற்கும். ஹீலியத்தால் அதைத் தடுக்க முடியாது. டிரிபிள் குவாடில் முதல் வடிகட்டி 75-ஐ மட்டும் விடும், செல்லில் ஆக்சிஜன் சேர்ந்து ஆர்சனிக் 91-க்குத் தாவும், அங்கே சுத்தமாக அளக்கலாம். தண்ணீரும் கழிவுநீரும் மட்டும் பார்க்கிற உங்களுக்கு அது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. ஒற்றைக் குவாடோடு ஹீலியம் செல்லும் ஆர்கான் நீர்ப்பும் வாங்குங்கள். மிஞ்சும் பணத்தை அறைக்கும் தண்ணீர்ச் சுத்திகரிப்புக்கும் போடுங்கள்.

மூன்று நிறுவனத்துக்கும் ஒரே மாதிரிப் பாட்டில்களை, பெயர் எழுதாமல், எண் மட்டும் ஒட்டி அனுப்புங்கள்: கடல் ஏறும்போது எடுத்து 0.45 மைக்ரான் வடிகட்டி, 2 சதவீத நைட்ரிக் சேர்த்த கழிமுகத் தண்ணீர். அதிலேயே நீங்கள் ஈயம், காட்மியம், ஆர்சனிக் 5 மைக்ரோகிராம் சேர்த்த இன்னொன்று. சுத்தமான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லிட்டருக்கு 1 கிராம் குளோரைடு மட்டும் உள்ள கரைசல். லிட்டருக்கு 1 மில்லிகிராம் மாலிப்டினம் மட்டும் உள்ள கரைசல். சான்றளிக்கப்பட்ட கடல் நீர் மாதிரி ஒன்று. 6 மணி நேரம் தொடர்ந்து ஓட்ட வேண்டும், பத்து மாதிரிக்கு ஒருமுறை சரிபார்ப்புக் கரைசல் வர வேண்டும், அது 10 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. சுருக்க அறிக்கை வேண்டாம், கச்சாத் தரவு முழுவதும் கேளுங்கள். கடைசியில் 5 மைக்ரோகிராம் பாதரசம் ஓட்டிவிட்டு, சிக்னல் பழைய நிலைக்கு வர எத்தனை நிமிடம் கழுவ வேண்டியிருக்கிறது என்று கடிகாரம் பாருங்கள். கழுவும் நீரில் கொஞ்சம் தங்கமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்தால் பாதரசம் குழாயில் ஒட்டாது. இந்த ஊரில் அந்தத் தண்ணீரில் இறால் பிடித்துப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. தவறான எண் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவர்களைத்தான் தொடும்.

கேள்வி: எர்ணாவூரில் கடலுக்கு மிக அருகில் கூடம். சிலிண்டர் ஆர்கான் போதுமா, திரவ ஆர்கானா? உப்புக் காற்றுக்கு என்ன செய்வது?

பதில்: பிளாஸ்மா நிமிடத்துக்குச் சுமார் 17 லிட்டர் ஆர்கான் குடிக்கும். 7 கனமீட்டர் சிலிண்டர் ஒன்று 7 மணி நேரம்கூட வராது. 180 லிட்டர் திரவ ஆர்கான் கேனில் 150 கனமீட்டர் வாயு, அதாவது 140 மணி நேரத்துக்கு மேல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஓட்டாத நாளிலும் கேனிலிருந்து தினம் 2 சதவீதம் ஆவியாகும். அது 3 கனமீட்டர். வாரம் இரண்டு நாள், நாளுக்கு 6 மணி நேரம் மட்டும் ஓட்டினால் மாதத்தில் நீங்கள் எரிப்பது 53 கனமீட்டர், ஆவியில் போவது அதைவிட அதிகம். அப்படியானால் நான்கைந்து சிலிண்டரை மேனிஃபோல்டில் (ஒரே பொதுக் குழாயில்) இணைத்துவிடுங்கள். தினமும் ஓட்டுகிறவர்களுக்குத் திரவம். கேனை மூடிய அறையில் வைக்கவே கூடாது. ஆர்கான் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும், மணம் கிடையாது. ஆக்சிஜன் அலாரம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

உப்புக் காற்றில் முதலில் பழுதாவது புகைபோக்கிக் குழாய். துத்தநாகம் பூசிய தகரக் குழாய் போட்டால் பூச்சு உதிர்ந்து தூசாகும், பிறகு பிளாங்கில் துத்தநாகம் ஏன் ஏறுகிறது என்று மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். பாலிப்ரொப்பிலின் குழாய் போடுங்கள். சன்னலைத் திறக்காதீர்கள், வெளியிலிருந்து தள்ளும் காற்று வடிகட்டியின் வழியாக வந்து அறையில் சற்று அழுத்தம் கூடுதலாக இருக்கட்டும். ஆட்டோசாம்ப்ளர் மேல் அக்ரிலிக் மூடியும் ஹெப்பா வடிகட்டியும் போட்டால் அனல்மின் நிலையச் சாம்பலும் நிற்கும். வெப்பம் 20 முதல் 25 டிகிரிக்குள், ஒரு மணி நேரத்தில் 2 டிகிரிக்கு மேல் ஆடாமல் இருக்க வேண்டும். யூபிஎஸ் வாங்கும்போது பிளாஸ்மாவோடு வேக்யூம் பம்பையும் கணக்கில் சேருங்கள். பிளாஸ்மா அணைந்தால் அரை மணி நேரத்தில் மறுபடி ஏற்றலாம். வேக்யூம் போனால் அன்றைய வேலை போச்சு.

கேள்வி: புதுக் கருவிதான், ஆனாலும் பிளாங்கில் ஈயம் லிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம் வருகிறது. கருவியில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 1, 2, 4 சதவீதம் நைட்ரிக் அமிலத்தில் மூன்று பிளாங்க் தயாரித்து ஓட்டுங்கள். அமிலம் இரட்டிப்பாக ஈயமும் இரட்டிப்பானால் அமிலம்தான் காரணம். லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் ஈயம் உள்ள அமிலத்தை 2 சதவீதம் சேர்த்தால் 0.4 வந்துவிடும். மூன்றிலும் ஒரே அளவென்றால் தண்ணீர் அல்லது டியூப். தண்ணீரின் சுத்தம் காட்டும் மின்தடை மீட்டர் 18.2 மெகாஓம் காட்டினாலும் நம்பிவிட வேண்டாம், மிகக் குறைந்த ஈயம் அந்த மீட்டரில் தெரியாது. டியூப்பை 10 சதவீத நைட்ரிக்கில் ஒரு நாள் ஊறவைத்து மூன்று முறை அலசுங்கள். கண்ணாடிக் குடுவை, நிறமேற்றிய பிப்பெட் முனை, பவுடர் கையுறை மூன்றையும் அந்த அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய கருவி பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: உதிரிபாகம் தருவதை உற்பத்தியாளர் நிறுத்திவிட்டாரா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். நிறுத்தியிருந்தால் வேண்டாம். இல்லையென்றால் அயனிகளை எண்ணும் டிடெக்டரின் வோல்டேஜ் எவ்வளவு ஏற்றி ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். உச்ச வரம்பை நெருங்கியிருந்தால் புது டிடெக்டர் விலையைக் கழித்துப் பேசுங்கள். மென்பொருள் உரிமம் உங்கள் பெயருக்கு மாறுமா, அது எந்த விண்டோஸில் ஓடும் என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.