ஃபேரி ராஸில் ஆண், பெண் எது? ஜோடி சேர்ப்பது எப்படி?

கடையில் ‘ஜோடி’ என்று வாங்கிய இரண்டு ஃபேரி ராஸும் (கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் வண்ண மீன்) ஓயாமல் சண்டை போடுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டுமே ஆணாக இருக்கும்.

இவை பெண்ணாக வளர்ந்து, பிறகு ஆணாக மாறுபவை. சிறிய உடல், வெளிறிய சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறம், வால் தொடங்கும் இடத்தில் மேற்புறம் ஒரு கரும்புள்ளி இருந்தால் பெண் அல்லது குஞ்சு. ஆணுக்கு நிறம் அடர்த்தி, துடுப்புகளும் பெரிசு. சிக்கல் என்னவென்றால், பல இனங்களின் பெண்கள் ஒரே அச்சு. கடைக்காரரே தெரியாமல் வேறு இனத்தை மாற்றிக் கொடுத்துவிடுவார். ஒரே தொகுதியில் வந்தவற்றிலிருந்து எடுப்பது நல்லது.

சுலபமான வழி, அளவில் வேறுபட்ட இரண்டு பெண்களை ஒன்றாக விடுவது. பெரியது சில மாதங்களில் ஆணாகலாம். ஆணான மீன் திரும்பப் பெண்ணாகும் என்று காத்திருக்காதீர்கள்.

வளர்ந்த ஆண்தான் வேண்டுமென்றால் பெண்ணை முதலில் விடுங்கள். ஆணை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அதே தொட்டிக்குள் நான்கைந்து நாள் தொங்கவிடுங்கள். துடுப்பை விரித்து நிறம் மின்னினால் அது காதல். பெட்டியிலிருந்து வெளியே விட்ட பின் வாலைக் கடித்து மூலைக்கு விரட்டினால் பிரித்துவிடுங்கள்.

தொட்டிக்கு வலை மூடி கட்டாயம். ஒயர் போகும் இடுக்கு போதும், துள்ளித் தரையில் விழுந்துவிடும்.