மடம், ஆதீனம், பீடம், ஆசிரமம்: எல்லாம் ஒன்றா?

மடம், ஆதீனம், பீடம், ஆசிரமம் எல்லாம் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆனால் பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் கலந்துதான் சொல்கிறோம்.

மடம் என்பது பொதுச்சொல். குரு, அவருக்குப் பின் சீடர் என்று வாரிசு முறையில் தொடரும் துறவியர் நிறுவனம் அது. பீடம் என்றால் அந்தக் குரு அமரும் இடம், அதாவது பதவி. சிருங்கேரியில் இருப்பது மடம். அதன் தலைவர் சாரதா பீடாதிபதி. ராமானுஜர் வழி வைணவத்தில் இதே பொறுப்பில் இருப்பவர் ஜீயர்.

ஆதீனம் தமிழ்ச் சைவத்துக்கே உரியது. தருமபுரம், திருவாவடுதுறை இரண்டும் பெரியவை. இங்கே பிராமணரல்லாத சைவர்களே தலைமை ஏற்பது மரபு. தலைவரை ‘குருமகா சன்னிதானம்’ என்பார்கள். இன்னொரு வேறுபாடு, கோயில் நிர்வாகம்: வைத்தீஸ்வரன் கோயிலும் திருக்கடையூரும் தருமபுரத்தின் பொறுப்பில்தான் இருக்கின்றன. ஓலைச்சுவடிகளைக் காத்ததிலும் ஆதீனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு, உ.வே.சா. படித்தது திருவாவடுதுறையில்தான்.

உடுப்பி இன்னும் சுவாரசியம். அங்கே எட்டு மடங்கள், ஒரே கிருஷ்ணர். இரண்டு ஆண்டுக்கு ஒரு மடம் என்று பூஜைப் பொறுப்பு சுற்றி வரும். அதற்குப் பர்யாயம் என்று பெயர்.

சரி, ஆசிரமம்? ஒரு ஞானியைச் சுற்றித் தானாக உருவாவது. ரமணாசிரமத்தையே பாருங்கள். ரமணர் முறைப்படி சந்நியாசம் வாங்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. இல்லறத்தாரும் வந்து தங்கினார்கள். அப்புறம் வடக்கே அகாடா என்ற சாதுக்களின் அமைப்பு உண்டு. கும்பமேளாவில் முதலில் நீராடும் சாதுக்கள் அதைச் சேர்ந்தவர்கள்.