டெங்குவும் நல்லி எலும்பும்

வணக்கம் சார். என் பையனுக்கு (14 வயசு) போன மாசம் டெங்கு. அட்மிட் பண்ணப்ப வெள்ளையணு 2,100, பிளேட்லெட் 48,000. ஒரு வாரம் கழிச்சு எடுத்தா வெள்ளையணு 6,800! அவன் ஒழுங்கா சாப்பிடவே இல்ல, பப்பாளி இலைச்சாறு ரெண்டு மடக்கு குடிச்சு அதையும் வாந்தி எடுத்துட்டான். அப்ப இத்தனை அணு எங்கருந்து வந்துச்சு? எதிர்ப்பு சக்தி ஏத்த எதாவது குடுக்கணுமா? டெங்கு திரும்ப வருமா?
ஒரு வாசகி

வணக்கம்மா. பையன் தேறிட்டான்ல, அது போதும்.

ரிப்போர்ட்ல இருக்குற 2,100 ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கான கணக்கு, அதுவும் ரத்தத்துல ஓடிட்டு இருக்குற அணுக்கள மட்டும்தான் எண்ணுவாங்க. பஸ்ல உக்காந்துருக்குறவங்கள எண்ணிட்டு ஊர் ஜனத்தொகை இவ்ளோதான்னு சொல்ல முடியாதுல்ல, அந்த மாதிரி. மண்ணீரல்லயும், நெறி கட்டுதுன்னு சொல்வோமே அந்த நிணநீர் முடிச்சுகள்லயும், எலும்பு மஜ்ஜைலயும் இருக்குறதெல்லாம் அந்த நம்பர்ல வராது.

ரத்தம் ஊறுதுன்னு நம்ம பாட்டிங்க சொல்வாங்க பாருங்க, அந்த வார்த்தை அவ்ளோ சரி. ஊத்து மஜ்ஜைலதான் இருக்கு. ஆனா நாம நல்லி எலும்ப தட்டி உறிஞ்சும்போது வழுக்கிட்டு வர்றது பெரும்பாலும் கொழுப்பு. பெரியவங்களுக்கு ரத்தம் ஊறுற சிவப்பு மஜ்ஜை இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு, விலா, முதுகெலும்பு இங்கதான் அதிகம். அங்க நியூட்ரோஃபில்ங்கிற ஒரு வகை வெள்ளையணு மட்டுமே ஒரு நாளைக்கு சுமாரா 10,000 கோடி உருவாகுது, காய்ச்சல் இல்லாத நாள்லயும்! அதோட ஆயுசு நாள் கணக்குதான்ங்கறதால ஊத்து நிக்கவே கூடாது.

டெங்குல என்ன ஆகுதுன்னா வைரஸ் அந்த ஊத்தையே கொஞ்ச நாள் மந்தமாக்கிடுது, பழசு சாகுது புதுசு வர லேட்டாகுது, கவுண்ட் இறங்குது. காய்ச்சல் விட்டதும் மஜ்ஜை திரும்ப வேகம் எடுக்கும், முதல்ல வெள்ளையணு ஏறும், பிளேட்லெட் அதுக்கப்புறம்தான். உங்க பையனுக்கும் அதேதான். இலைச்சாறு குடிக்காதவங்களுக்கும் கவுண்ட் ஏறத்தான் செய்யும், ஏறப்போற நேரத்துல குடிச்சா பேர் அதுக்கு போயிடும் அவ்ளோதான்.

பாக்டீரியா தொற்றுன்னா கதை தலைகீழ். ஒரு கட்டி பழுத்துச்சுன்னு வைங்க, அந்த சீழ்ல பெரும்பகுதி செத்த நியூட்ரோஃபில்தான், அவ்ளோ செலவாகுது. உடனே மஜ்ஜைக்கு சிக்னல் போயி கையிருப்ப எல்லாம் எறக்கும், பத்தலன்னா முழுசா வளராததையும் அனுப்பிடும். மைக்ராஸ்கோப்ல பாத்தா தெரியும், வளந்ததோட உட்கரு மூணு நாலு துண்டா பிரிஞ்சிருக்கும், பிஞ்சுக்கு லாடம் மாதிரி வளைஞ்சு ஒரே துண்டா இருக்கும்.

வெள்ளையணுல இன்னொரு வகை லிம்ஃபோசைட். கால்ல முள்ளு குத்தி புண்ணானா தொடை இடுக்குல நெறி கட்டுமே, உள்ள இதுங்க பெருகுறதும் அந்த வீக்கத்துக்கு ஒரு காரணம். கோடிக்கணக்குல இருந்து அந்தக் கிருமிக்கு பொருந்துற சிலது மட்டும் ஒண்ணு ரெண்டாகி ரெண்டு நாலாகின்னு ஆயிரக்கணக்குல பெருகும். தொற்று அடங்கினதும் அதுல நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல செத்துடும், சாகணும். அதனாலதான் இம்யூனிட்டி பூஸ்டர் விளம்பரம் பாத்தா எனக்கு எரிச்சலா வரும், எதை பூஸ்ட் பண்ண போறாங்க? இட்லி, முட்டை, பருப்பு, தூக்கம், அவனுக்கு இது போதும்.

மிஞ்சுறது கொஞ்சம்தான், ஆனா அதுதான் அந்தக் கிருமிய ஞாபகம் வச்சுக்கற நினைவு செல். வட அட்லாண்டிக் கடல்ல இருக்குற ஃபரோ தீவுகள்ல 1781-ல தட்டம்மை வந்துட்டு போச்சு, அப்புறம் 1846-லதான் திரும்ப வந்துச்சு. கிட்டத்தட்ட 7,800 பேர்ல 6,000 பேர் படுத்துட்டாங்க. பீட்டர் பனும்னு ஒரு இளம் டாக்டர் போய் விசாரிச்சாரு, 1781-ல தட்டம்மை வந்து பொழைச்ச கிழவன் கிழவிங்க ஒருத்தருக்கும் வரல. அறுபத்தஞ்சு வருஷம் கழிச்சும்!

ஆனா டெங்குவ அப்படி நம்ப முடியாதும்மா. அதுல நாலு வகை இருக்கு. வந்துட்டு போன வகைக்கு எதிரா நினைவு ரொம்ப காலம் நிக்கும், மத்த மூணும் வரலாம், ரெண்டாவது தடவை வேற வகை வந்தா சில பேருக்கு முதல் தடவைய விட மோசமாகும். காரணம், முதல் தடவை வைரஸ எதிர்க்க உடம்பு செஞ்ச ஆன்டிபாடிங்கிற புரதம் புது வகையோட அரைகுறையா ஒட்டிக்கிட்டு அது செல்லுக்குள்ள நுழைய அதுவே வழி விட்டுடும். அதனால அடுத்த காய்ச்சலுக்கு டாக்டர்கிட்ட போனா முன்னாடி டெங்கு வந்துருக்குன்னு மறக்காம சொல்லுங்க. அப்புறம் ஃப்ரிட்ஜ் பின்னாடி தண்ணி சொட்டுற தட்டு ஒண்ணு இருக்கும், டெங்கு கொசு அங்கயும் முட்டை போடும், அத இன்னைக்கே இழுத்துப் பாருங்க.