ஃபஸ் பெடல் திணறுகிறதா? முதலில் மல்டிமீட்டரை எடுங்கள்

கேள்வி: கிட்டார் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துத் தரும் ஃபஸ் ஃபேஸ் பெடல் சர்க்யூட்டின் சிலிக்கான் டிரான்சிஸ்டர் வடிவத்தை வெரோபோர்டில் (செம்புப் பட்டைகள் உள்ள துளைப் பலகை) கட்டினேன். பைபாஸில், அதாவது பெடலைத் தாண்டி ஒலி நேராகப் போகும்போது, கிட்டார் ஒழுங்காகக் கேட்கிறது. ஆன் செய்தால் ஒலி மெலிந்து, கரகரத்து, பாதியில் அறுந்துவிடுகிறது. லேஅவுட் பிசி547 டிரான்சிஸ்டருக்கு வரைந்தது; கிடைத்தது 2என்3904. இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 1.2 வோல்ட், பேஸில் 1.8, எமிட்டரில் 1.1. மறுபடி எல்லாவற்றையும் சால்டர் செய்யலாமா?

பதில்: வேண்டாம். மூன்று இடத்திலும் வோல்ட் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அதிலேயே தெரிகிறது. கலெக்டரும் எமிட்டரும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட்டில் நிற்பதால், இரண்டாவது டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்து கிடக்கிறது. அதை அடக்க வேண்டியது முதல் டிரான்சிஸ்டர். அதற்குத்தான் வலு இல்லை.

காரணம் கால் வரிசை. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், பிசி547-க்கு இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். பேஸ் நடுவில் இருப்பதால் தலைகீழாகப் போட்டாலும் டிரான்சிஸ்டர் செத்துவிடாது. கெயின் (சிக்னலைப் பெருக்கும் திறன்) மட்டும் பல மடங்கு குறைந்துவிடும். பெடல் 'ஏதோ வேலை செய்வது' அதனால்தான். இரண்டையும் கழற்றி, 180 டிகிரி திருப்பிப் போடுங்கள்.

திருப்பிய பிறகு முதல் டிரான்சிஸ்டரின் பேஸில் 0.6–0.7 வோல்ட், கலெக்டரில் 1.3–1.5, இரண்டாவதின் எமிட்டரில் 0.7–0.8 வர வேண்டும். ஆனால் இரண்டாவதின் கலெக்டர் அப்போதும் 2 வோல்ட் பக்கம்தான் நிற்கும். 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸில் இருந்தவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள்; இரண்டாவதின் கலெக்டரிலிருந்து சப்ளை பக்கம் போகும் ரெசிஸ்டரின் 8.2கே (கிலோஓம்) அங்கிருந்து வந்த மதிப்பு. சிலிக்கானில் எமிட்டர் வோல்ட் கூடுதல், அதனால் மின்னோட்டமும் கூடுதல், 8.2கே அளவுக்கு மீறி வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. அந்த இடத்தில் 10கே டிரிம்பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து, கலெக்டரில் 4.5 வோல்ட் வரும்வரை திருப்புங்கள். 9 வோல்ட் சப்ளையில் பாதி என்பதால் அலை மேலும் கீழும் ஆட இடம் கிடைக்கும். பிறகு 4-க்கும் 5-க்கும் நடுவில் காதுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள். அங்கே மீட்டரைவிடக் காதுதான் பெரிது.

இரண்டாவதின் கலெக்டரில் முழு 9 வோல்ட் வந்தால், அதன் எமிட்டரில் உள்ள 1கே ஃபஸ் பாட்டின் (ஃபஸ் அளவைத் திருப்பும் குமிழ்) கிரவுண்டு கால் விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். எல்லா வோல்ட்டும் சரி, ஒலி மட்டும் சாது என்றால், பாட்டின் நடுக்காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 22 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைச் சந்தேகியுங்கள். பிளஸ் கால் பாட் பக்கம் இருக்க வேண்டும்.

கேள்வி: ஃபஸ்ஸை முழுதாகத் திருப்பினால் ரேடியோ நிலையம் கேட்கிறது.

பதில்: அதிகக் கெயினும் நீண்ட ஒயரும் சேர்ந்தால் வரும் தொல்லை. முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவில், காலோடு ஒட்டி, 47 பிகோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்று போடுங்கள். 100-க்கு மேல் போனால் கிட்டாரின் மேல்ஸ்தாயி மங்கத் தொடங்கும். அலுமினியப் பெட்டி கிரவுண்டோடு இணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். உள்ளே பெயின்ட் இருந்தால் ஜாக் தொடும் இடத்தில் சுரண்டிவிடுங்கள்.

கேள்வி: பேட்டரியில் அமைதி, அடாப்டரில் கீச்சென்று ஒரு சத்தம்.

பதில்: ஸ்விட்சிங் அடாப்டரின் சத்தம் சப்ளை வழியாக நுழைகிறது. பிளஸ் வழியில் 100 ஓம் ரெசிஸ்டர், அதன்பின் கிரவுண்டுக்கு 16 வோல்ட் தாங்கும் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள். இந்தப் பெடல் இழுப்பது 1 மில்லியாம்பியர் அளவே என்பதால் 100 ஓமில் இழப்பு 0.1 வோல்ட்தான். பெடல்களுக்கு வழக்கம் அடாப்டர் பிளக்கின் நடுமுனை மைனஸ். வீட்டில் கிடக்கும் பல அடாப்டர்களில் நடுமுனை பிளஸ். செருகுமுன் அளந்து பாருங்கள்.

பிஎன்பி (மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடும்) ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வகை கட்டியவர்கள் கவனிக்க: அதில் கிரவுண்டு பிளஸ் பக்கம். மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் பிரித்துக் கொடுத்தால் சப்ளை ஷார்ட் ஆகும். அதற்குத் தனி பேட்டரிதான்.