கொடை வீடியோ முதல் பத்தமடைப் பாய் வரை: காப்பிரைட் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் வக்கீலாக இருக்கிறேன். இணையத்தில் எது யாருடையது என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணாச்சி, எங்க ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு முழுவதையும் போனில் எடுத்து யூடியூபில் போட்டேன். பாடினவர் எடுக்கச் சொல்கிறார். கதை ஊருக்கே பொது, கோயில் கமிட்டியும் சம்மதித்தது. அப்புறம் என்ன?

கதை பொதுதான் தம்பி, ஆனால் அன்று ராத்திரி விடிய விடியப் பாடிய குரல் அவருடையது. 1957 பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகிறவருக்கென்று தனியாக ஓர் உரிமை கொடுத்திருக்கிறது, 50 வருஷத்துக்கு. வீட்டில் போட்டுப் பார்க்க எடுத்தது தப்பில்லை. அவரைக் கேட்காமல் ஊருக்கெல்லாம் காட்டியதுதான் தப்பு. கமிட்டி பந்தலுக்குப் பொறுப்பு, அவருடைய பாட்டுக்கு இல்லை. வீடியோவை எடுத்துவிட்டு நேரில் போய்ப் பேசுங்கள், வருமானத்தில் பங்கு என்றால் அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மனஸ்தாபம் கேட்காமல் போட்டதில்தான்.

அதே வீடியோவில் மைக்செட்டில் ஓடிய சினிமாப் பாட்டுக்கும், "இது எங்கள் பாட்டு" என்று யூடியூபில் கிளெய்ம் வந்திருக்கு. கோயிலில் பாட்டுப் போடுவதே குற்றமா?

இல்லை. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு மதச் சடங்குக்கும், கல்யாண ஊர்வலத்துக்கும் விலக்குத் தருகிறது. ஆனால் அந்த விலக்கு பந்தலோடு சரி, யூடியூப் வரை கூட வராது. பத்து செகண்ட் போடலாம், முப்பது செகண்ட் போடலாம் என்பதெல்லாம் யாரோ கிளப்பிவிட்ட கதை, சட்டத்தில் அப்படிக் கணக்கே கிடையாது. கிளெய்ம் வந்தால் பெரும்பாலும் விளம்பரக் காசு பாட்டின் உரிமையாளருக்குப் போகும், அவ்வளவுதான். காப்பிரைட்டை மீறியதாக யூடியூப் கொடுக்கும் எச்சரிக்கையான ஸ்ட்ரைக் வேறு: 90 நாளில் மூன்று வாங்கினால் சேனலே போய்விடும்.

என் கடை அல்வா போட்டோவைப் பக்கத்து ஊர்க் கடைக்காரர் எடுத்து, கீழே "நன்றி: கூகுள்" என்று போட்டிருக்கிறார்.

கூகுளா அந்த அல்வாவைக் கிண்டியது? படம் எடுத்த நிமிஷமே உரிமை எடுத்தவருக்கு வந்துவிடும், பதிவு செய்யத் தேவையில்லை, நன்றி போட்டால் அனுமதி ஆகாது. ஒரிஜினல் ஃபைலை அழிக்காமல் வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். ஆனால் அல்வா செய்முறைக்குக் காப்பிரைட் கேட்காதீர்கள், கிடைக்காது.

கல்யாண போட்டோவைப் போட்டோகிராபர் எங்களைக் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போடலாமா?

காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமையாளர் நீங்கள்தான். 17-ஆம் பிரிவு. இது தெரிந்த போட்டோகிராபரை நான் இன்னும் பார்க்கவில்லை! அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

மெஷினில் செய்த பாயை ஆன்லைனில் "பத்தமடைப் பாய்" என்று விற்கிறார்களே?

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயரோடு வரும் பொருளுக்கான சட்டப் பாதுகாப்பு, இருக்கிறது. வேறெங்கோ செய்ததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. நெசவாளர்கள் சேர்ந்து விற்பனைத் தளத்துக்கே புகார் அனுப்பலாம்.

பாரதியார் பாட்டைப் பாடிப் போடலாமா?

தாராளமாக. ஆயுளுக்குப் பின் 60 வருஷம்தான் காப்பிரைட், அவர் 1921-லேயே போய்விட்டார். சினிமாவில் வந்த மெட்டில் மட்டும் பாடாதீர்கள், மெட்டுக்கு வேறு சொந்தக்காரர் இருப்பார்.