நீக்குவது நடுநிலை ஆகாது

கேள்வி: பேராசிரியர்கள் பலர் தங்கள் அரசியலை மாணவர்கள் மனத்தில் ஏற்றுகிறார்கள். என் மகள் முதுகலை படிப்பதால் கவலையோடு கேட்கிறேன்: சார்புள்ள பாடங்களை நீக்குவதுதானே இதற்குத் தீர்வு?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது; தீர்வில் இல்லை. தாம் சார்ந்த இயக்கத்தின் நிலைப்பாட்டையே பாடமாக நடத்தி, அதற்கு மாறாக எழுதும் மாணவரின் மதிப்பெண்ணில் கைவைக்கும் ஆசிரியர், இடதுசாரியானாலும் வலதுசாரியானாலும் திராவிட இயக்கத்தவரானாலும் தமிழ்த் தேசியரானாலும், தம் பணிக்குத் துரோகம் செய்கிறார். 1917-இல் மியூனிக் மாணவர்களிடையே பேசிய ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், வகுப்பறையில் ஆசிரியர் பேச மாணவர் மறுத்துப் பேச வழியின்றிக் கேட்டுக்கொண்டிருப்பதால் அந்த மேடை கட்சி அரசியலுக்கு உரியதன்று என்று கண்டித்தார். அதே உரையில், ஒவ்வொருவருக்கும் தம் கட்சிக் கருத்துக்கு இடைஞ்சலான உண்மைகள் உண்டென்றும், அவற்றை ஏற்கப் பழக்குவதே ஆசிரியரின் முதல் வேலையென்றும் அவர் சொன்னதை நாம் மறந்துவிடுகிறோம். நம் நன்னூலும் நல்லாசிரியருக்கு நிறைகோலை, அதாவது தராசை, உவமையாக்கி, ஐயம் தீரப் பொருளை உணர்த்துவதையும் மெய்ந்நடுநிலையையும் ஒரே மூச்சில் சொல்கிறது. கோலில் ஒரு தட்டை அறுத்துவிட்டு நிறுக்க முடியாது.

உங்கள் மாவட்டத்திலேயே நடந்ததைப் பாருங்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டத்தில், மாவோயிஸ்டுகளோடு காட்டில் இருந்த அனுபவத்தைப் பற்றி அருந்ததி ராய் எழுதிய நூல் 2017 முதல் இருந்தது. 2020 நவம்பரில் அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத் என்ற மாணவர் அமைப்பு புகார் கொடுத்ததும், குழு ஒன்று கூடி அதை நீக்கி, மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகளை வைத்தது. கிருஷ்ணன் அருமையான எழுத்தாளர், எந்த வகுப்பிலும் இருக்கத் தக்கவர். ஆனால் மாவோயிஸ்டுகளைப் பற்றிய வாதத்துக்குக் காட்டுயிர்க் கட்டுரை பதிலாகாது. அந்த நூலுக்கு அடிப்படையான ராயின் கட்டுரை முதலில் வெளிவந்தது 2010 மார்ச்சில். அடுத்த மாதமே சத்தீஸ்கரின் தண்டேவாடாவில் மாவோயிஸ்டுகள் பாதுகாப்புப் படையினர் 76 பேரைக் கொன்றார்கள். அந்தக் கட்டுரையையும் இந்தப் படுகொலையையும் அருகருகே வைத்து விவாதிக்கச் சொல்லியிருந்தால், ராயை மறுக்க விரும்பும் மாணவருக்கும் அது உரமாகியிருக்கும். நீக்கியதால் அவரும் இழந்தார்.

இது ஒரு நிகழ்வோடு நிற்கவில்லை. கம்பனையும் வால்மீகியையும் ஒப்பிட்டு அகலிகை கதையை ஆராயும் ஏ.கே. ராமானுஜனின் ராமாயணக் கட்டுரையை, வல்லுநர் குழுவில் பெரும்பான்மையினர் ஆதரித்திருந்தும், தில்லி பல்கலைக்கழகம் 2011-இல் நீக்கியது. 2021-இல் வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவியின் எழுத்தோடு, நம் தலித் எழுத்தாளர்கள் பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்துகளும் அங்கே பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. இப்படி நடக்கும்போதெல்லாம் மற்ற ஆசிரியர்கள் கற்றுக்கொள்வது, புகார் வராத பாடத்தை மட்டும் நடத்தினால் போதும் என்பதைத்தான். ஒரு சார்பை ஒழிக்கப் புறப்பட்டு எல்லோரையும் ஒரே குரலில் பேசவைக்கிறோம். இன்று ஒரு கட்சிக்குப் பிடிக்காதது போகிறது, ஆட்சி மாறினால் மற்றொரு கட்சிக்குப் பிடிக்காததும் போகும்.

சார்பு உண்மையில் எங்கே தீங்கு செய்கிறதோ அங்கே பாருங்கள். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் பொதுவாக 100-க்கு 25 மதிப்பெண் அகமதிப்பீடாக ஆசிரியர் கையில் இருக்கிறது. ஆய்வு மாணவருக்கோ நெறியாளரே எல்லாம். வெளித்தேர்வுத் தாளுக்கு மறுமதிப்பீடு கேட்க முடிகிறது, இந்த 25-ஐப் பற்றி முறையிட எளிய வழியில்லை. ஆசிரியரின் கருத்தை ஆதாரத்தோடு மறுத்து எழுதியதற்காக மதிப்பெண் குறைக்கப்பட்டதாக ஒரு மாணவர் சொன்னால், அந்தத் தாளை, பெயரை மறைத்து, வேறு கல்லூரி ஆசிரியர் திருத்த வேண்டும். இதற்கு விதி கொண்டுவரச் சொல்லித் துணைவேந்தருக்கு எழுதுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். உங்கள் மகளிடம் பாடத்திட்டத்தில் எந்த நூல் இருக்கிறது என்று கேட்பதற்கு முன், அந்த நூலை மறுத்து எழுத வகுப்பில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.